துவக்குக்கு ஒரு தலையணை

என்னப்பா,

போன சனிக்கிழமை ஹோர்சன்ஸ் மாதா கோயில் மண்டபத்தில் பழைய சாமான் சந்தை நடந்தது. நான் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தல் வாங்கப் போனேன். கோப்பைகள், சட்டிகள், பிள்ளைகள் வளர்ந்து கழித்த சப்பாத்துகள் என்று மேசை மேசையாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு மேசையில் உடைந்த குடைக்கும் பூச்சாடிக்கும் நடுவில் மடித்த இரண்டு இரும்புக் கால்கள் கிடந்தன.

"அது கமெராவுக்கு வைக்கிற கால்" என்றான் அங்கே நின்ற டெனிஷ் இளைஞன்.

நான் அதைக் கையில் எடுத்தேன். சுருள்வில்லை அழுத்திக் கால்களை விரித்தேன். ஒரு காலை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

"இல்லை மகனே, இது சுடும்போது வேட்டைத் துவக்குக்குக் கீழே வைக்கிறது. சமதரைக்குச் சரி. மலைச் சரிவுக்கு உதவாது. புல் உயரமென்றால் குழல் புல்லுக்குள் போய்விடும்" என்றேன்.

அவன் என் கம்பளித் தொப்பியைப் பார்த்தான். மேலங்கிக்குக் கீழே தெரிந்த சேலைக் கரையைப் பார்த்தான். "வேண்டுமென்றால் சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்" என்றான். பயத்தில் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. ஆனால் அந்த இரும்பில் இருந்த எண்ணெய் மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது விரலை மணந்து மணந்து தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அதுதான் உங்களுக்கு எழுதுகிறேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் இருந்து விளக்கவேண்டும்.

நாங்கள் இங்கே வந்து இரண்டு குளிர்காலம் முடிந்திருந்த நேரம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. நீங்கள் இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் கடைசல் சீவல்களைக் கூட்டி அள்ளினீர்கள். நான் முதியோர் இல்லத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். எனக்கு டெனிஷ் படிப்பித்தது அங்கே இருந்த கிழவிகள்தான். ஆகையால் நான் பேசியது யூலாந்துக் கிராமத்தில் எண்பது வயதானவர்கள் பேசும் டெனிஷ். கடையில் பாண் கேட்டால் காசாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

உங்கள் டெனிஷ் வேறு வகை. அதில் ஒரேயொரு சொல்தான் இருந்தது. "யா." ஆம் என்று அர்த்தம். விளங்கிய கேள்விக்கும் யா, விளங்காத கேள்விக்கும் யா. தெற்கே பிரெடெரிசியாவுக்குப் போக வெளிக்கிட்டு, பஸ் சாரதி கேட்ட ஏதோ ஒன்றுக்கு யா என்று சொல்லி, வடக்கே ரண்டர்ஸில் போய் இறங்கினீர்கள். பல் வைத்தியரிடமும் யா என்றீர்கள். நல்ல பல் ஒன்று போனது. "ஓம் எண்டு சொன்னால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்" என்பது உங்கள் நியாயம். அகதியாக வந்தவன் ஓம் சொல்லிப் பிழைக்கவேண்டும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்கள். அதற்காக உங்களோடு சண்டை பிடித்தேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போனீர்களே, அந்தத் துணிவு எனக்கு வந்திருக்காது.

உங்கள் போர்மனின் பெயர் பெண்ட். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், செம்மண் நிறத் தாடி. "பெண்ட் எனக்கு நல்ல உதவி, பெண்ட் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை" என்று ஊருக்குக் கடிதம் எழுதினீர்கள். உங்கள் அம்மா எனக்குத் தனியாகப் பதில் எழுதினா: "மகள், ஆர் அந்தப் பெண்டு? நீ கவனமாய் இரு."

ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றீர்கள்.

"இஞ்சை பாரும், ஒரு சின்னச் சிக்கல்."

"என்ன?"

"நாளைக்குப் பெண்ட் வீட்டை வாறான். துவக்குக்கு முட்டுக் குடுக்கிற தாங்கியள் கொஞ்சம் கொண்டு வாறானாம். எது நல்லதெண்டு என்னட்டைக் கேக்க."

"உங்களிட்டையோ? துவக்கைப் பற்றியோ?"

"நான் மலையிலை வேட்டையாடின ஆளெண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவன் கேட்டான். நான் யா எண்டனான்."

சோற்றுக் கரண்டியோடு கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் மன்னாரில் பிறந்தவர். மன்னாரில் கோலிக்குண்டை நிலத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதிய நீங்கள் ஏறிய ஆக உயர்ந்த இடம் அந்தக் கடையின் கூரை. அதுவும் ஓடு மாற்ற. வேட்டை என்று பார்த்தால், உங்கள் மாமா ஒருமுறை வன்னிக் காட்டுக்குப் பன்றிக்குக் கூட்டிப்போனார். நீங்கள் விடியும்வரை பாலை மரத்தில் ஏறியிருந்து நித்திரை கொண்டீர்கள். அதை மாமா எங்கள் கலியாண வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

"நாளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன்.

நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். "இவ்வளவு நாளும் கன்ரீனிலை நான் சுவரோடை தனிய இருந்துதான் சாப்பிட்டனான். இண்டைக்கு அவங்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டவங்கள். கோப்பி ஊத்தித் தந்தவங்கள். மலை வேட்டைக்காரன் எண்டு ஒருத்தன் முதுகிலை தட்டினவன். என்னைக் காட்டிக் குடுத்துப்போடாதையும்."

நான் எழும்பி உங்களுக்குச் சோறு போட்டேன்.

பெண்ட் மறுநாள் ஒரு பெரிய பையோடு வந்தார். துவக்கை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத் தாங்கிகளை மட்டும் கொண்டுவந்திருந்தார். நான் ரோல்ஸ் பொரித்து வைத்தேன். அவர் ஒன்றை முழுதாக வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, "நல்லது, மிக நல்லது" என்று சொல்லி இரண்டாவதையும் எடுத்தார். பிறகு விசயத்தைச் சொன்னார். இலையுதிர் காலத்தில் நோர்வேக்கு மான் வேட்டைக்குப் போகிறார். இங்கே வயல் ஓரத்தில் இருந்து சுட்டுப் பழக்கம். அங்கே செங்குத்தான மலை. ஏறி மூச்சு வாங்கும், கை நடுங்கும், படுக்கவும் சமதரை கிடையாது. துவக்கை அசையாமல் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆனால் அது மலையேறும்போது முதுகை முறிக்கவும் கூடாது.

வீடு கூட்டுகிற எங்கள் தும்புத்தடிதான் அன்று துவக்கு. பெண்ட் அதற்கு முதல் தாங்கியைப் பூட்டினார். குழலுக்குக் கீழே இரண்டு குட்டை இரும்புக் கால்கள். இரண்டாவது, பந்தம் பிடிக்க வைத்த கம்பம் போல உயரமான முக்காலி. மூன்றாவது, நடுவில் வாரால் கட்டிய இரண்டு தடிகள். விரித்தால் பெருக்கல் குறிபோல நிற்கும், அதன் கவட்டில் துவக்கை வைக்கலாம். அந்த நெடிய மனிதர் எங்கள் கம்பளத்தில் குப்புறப் படுத்துத் தும்புத்தடியால் என் தையல் மெசினைக் குறிபார்த்தார்.

நீங்கள் தாடையைத் தடவிக்கொண்டு அவரைச் சுற்றி நடந்தீர்கள். சங்கக்கடைக்குப் பழுதான பருப்பு மூட்டை வந்தால் அதைச் சுற்றி நடப்பீர்களே, அதே நடை.

"முதலாவது கூடாது" என்றீர்கள். "ரெண்டு கால் தரையிலை நிண்டால் தரை சரியாய் இருக்கவேணும். மலை எங்கை சரியாய் இருக்கும்?"

நான் மொழிபெயர்த்தேன். பெண்ட் எழுந்து உட்கார்ந்தார். "ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டலாம்" என்றார்.

"நீட்டி முடிக்க மான் வீட்டை போயிடும்."

அதையும் மொழிபெயர்த்தேன். பெண்ட் மரியாதையோடு தலையாட்டினார். முக்காலியை நீங்கள் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் காவிக்கொண்டு ஏறினால் வேட்டைக்காரனுக்குத்தான் தாங்கி வேணும்" என்றீர்கள். குறுக்குத் தடிகளைப் பார்த்து "ம்" என்று மட்டும் சொன்னீர்கள். பெண்ட் அந்த "ம்" என்ன என்று என்னிடம் கேட்டார். "யோசிக்கிறார்" என்றேன். உண்மையில் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பெண்ட் விடவில்லை. சரிவில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அடுத்த ஞாயிறு எங்களைக் காரில் ஏற்றினார். டென்மார்க்கில் சரிவு என்றால் ஹிம்மல்பியர். அதன் பெயருக்கு ஆகாயமலை என்று அர்த்தம். அந்த ஆகாயத்துக்கு நான் செருப்போடும் சேலையோடும் ஏறினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். உச்சியில் ஐஸ்கிரீம் விற்றார்கள். நீங்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில், "மலை இனிமேல்தான் வரப்போகுதோ?" என்று கேட்டீர்கள்.

பெண்ட் புல்லுச் சரிவில் குப்புறப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை உலாவ வந்த குடும்பங்கள் ஐஸ்கிரீமோடு வட்டமாக நின்று பார்த்தன. இரட்டைக்கால் ஒரு பக்கம் சரிந்து தும்புத்தடி கவிழ்ந்தது. முக்காலி நன்றாக நின்றது. அதைப் பாராட்ட நீங்கள் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். அது மடங்கி, உருண்டு, துள்ளிக் கீழே போனது. ஏறிவந்த ஒரு பாதிரியார் பாய்ந்து வேலியில் ஏறினார். குறுக்குத் தடிகள் மட்டும் ஒருவாறு நின்றன. ஆனால் பெண்ட் மூச்சு விட்டபோதெல்லாம் தும்புத்தடியும் சேர்ந்து மூச்சு விட்டது.

பெண்ட் முகம் வாடி உங்களைப் பார்த்தார். "உங்கள் மலையில் நீங்கள் எதில் வைத்துச் சுடுவீர்கள்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "சாக்கு. மண் நிரப்பின சாக்கு" என்றீர்கள்.

எனக்குக் கால் வலி, பசி, பார்த்துக்கொண்டு நின்ற சனத்தால் வெட்கம் வேறு. "ஓம், மண்ணைக் காவிக்கொண்டு மலையேறுங்கோ ரெண்டுபேரும்" என்று கத்தினேன். "அதுக்கு அரிசியைக் கட்டிக்கொண்டு போனாலும் பசிக்கு அவிச்சுத் தின்னலாம்!"

"அவள் என்ன சொல்கிறாள்?" என்றார் பெண்ட்.

உங்களுக்கு டெனிஷ் வராது என்று யார் சொன்னது? அன்று உங்களுக்கு இரண்டு சொல் வந்தது. "ரீஸ்!" என்றீர்கள் விரலை உயர்த்தி. அரிசி. "ரீஸ், யா!"

பெண்ட் தும்புத்தடியைக் கீழே வைத்தார். மணல்போல அசையாது, மணலைவிடப் பாரம் குறைவு, உணவாகவும் ஆகும் என்று தானே விரல்விட்டுச் சொன்னார். பிறகு உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்படித்தான் பழைய திரைச்சீலைத் துணியில், இரட்டைத் தையல் போட்டு, அரிசி நிரப்பி, துவக்குக்கு நான் ஒரு தலையணை தைத்தேன். ஆலோசனை சொல்பவரும் மொழிபெயர்ப்பவரும் கட்டாயம் வரவேண்டும் என்று பெண்ட் ஒரே பிடியில் நின்றதால் நாங்களும் அகதிகளுக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தோடு நோர்வேக் கப்பலில் ஏறினோம்.

அங்கே மலையைக் கண்டதும் நீங்கள் அண்ணாந்தபடி நின்றுவிட்டீர்கள். கடல் ஓரத்தில் இருந்து நேரே சுவர்போல எழும்பிய மலை. அதில் ஆடுகள் ஒட்டவைத்தது போல நின்றன. பெண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மலை ஒரு பண்ணைக்காரருக்குச் சொந்தமானது. எழுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். இரவுச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே எந்த நாடு என்று கேட்டார். சிலோன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இளம் வயதில் கப்பலில் வேலை செய்தவராம். கொழும்பில் இறங்கி, ரயில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்குப் படகு எடுத்தவராம்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று உங்களைக் கேட்டார்.

உங்களுக்குக் கேள்வி விளங்கியது. அதுதான் கஷ்டகாலம். "மன்னார்" என்றீர்கள் சந்தோசமாக.

"மன்னார்!" அவர் மேசையில் தட்டினார். "எனக்கு நல்ல ஞாபகம். தட்டுப்போலத் தட்டை. ஒரு மேடுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் கழுதைகள்!"

நோர்வேக்காரர் பேசுவது டெனிஷுக்குக் கிட்டத்தான். பெண்டுக்கு எல்லாம் விளங்கியது. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. மன்னாரில் பிறந்தவர், மலைநாட்டில் வளர்ந்தவர் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் மேசைக்குக் கீழே என் முழங்காலைத் தொட்டு என்னை நிறுத்தினீர்கள்.

எழும்பி நின்றீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டீர்கள். "யாய் இக்க யேயர்" என்றீர்கள். நான் வேட்டைக்காரன் இல்லை. பிறகு மூச்சு எடுத்து, "யாய் பாரா சீ யா" என்றீர்கள். நான் சும்மா யா என்று சொன்னேன், அவ்வளவுதான்.

பிழை மலிந்த டெனிஷ். ஆனால் நீங்கள் அந்த மொழியில் சொந்தமாகக் கட்டிய முதல் இரண்டு வசனங்கள் அவை. உங்கள் காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு உங்கள்மேல் அன்று வந்த அன்பைக் கலியாணத்தன்றுகூட நான் அறியவில்லை.

பெண்ட் முள்ளுக்கரண்டியை மறுபடி எடுத்தார். பிறகு, "அப்படியென்றால் அரிசி?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

பண்ணைக்காரர் இப்போது பெண்டின் பக்கம் திரும்பினார். "நீ? மலையில் பழக்கமென்று கடிதத்தில் எழுதியிருந்தாயே."

பெண்ட் தாடி வரைக்கும் சிவந்தார். "ஹிம்மல்பியர்" என்று மெல்லச் சொன்னார்.

பண்ணைக்காரர் சிரித்த சிரிப்பில் நாய் எழும்பி வெளியே போனது. சிரித்து முடித்ததும் முகம் இறுகிவிட்டது. "காயத்தோடு ஓடுகிற மான் என் மலையில் இருக்கக்கூடாது. நாளைக் காலையில் சரிவில் இருந்து ஒரு காகிதத்தைச் சுட்டுக் காட்டு. துவக்கு ஆடினால் உனக்கு மான் இல்லை. அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போ."

"அப்படியானால் நாளைக்கு நீதான் வரவேண்டும்" என்றார் பெண்ட் என்னிடம். கோப்பை கழுவுகிற நான் அப்படித்தான் மலை வேட்டை நிபுணி ஆனேன்.

காலையில் ஏறினோம். நான் உங்கள் நீளக் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டியிருந்தேன். பண்ணைக்காரர் மேலே ஒரு மண் மேட்டில் காகிதத்தைக் குத்திவிட்டு ஒதுங்கி நின்றார். பெண்ட் மூச்சு வாங்க மாற்றி மாற்றிப் பார்த்தார். இரட்டைக்காலின் ஒரு கால் கல்லில் நின்றது, மற்றது ஆகாயத்தில் தொங்கியது. முக்காலி காற்றில் நடுங்கியது. தடிகள் அவர் மூச்சோடு ஏறி இறங்கின. கடைசியில் நான் ஒரு பாறையில் அரிசிப் பையைப் போட்டு, புட்டுக்கு மா குழைக்கும்போது நடுவில் குழி வைப்பதுபோலக் கையால் ஒரு குழி வைத்தேன். பை பாறையின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்துகொண்டது. துவக்கின் மரப்பகுதி குழியில் இருந்தது. அசையவேயில்லை.

பெண்ட்தான் அசைந்தார். புல் ஈரம். மேட்டை நோக்கிப் படுத்திருந்தவர் மெல்ல மெல்லக் கீழே வழுக்கிப் போனார். துவக்கு அங்கே, ஆள் இங்கே. நாங்கள் துவக்குக்குத்தான் தாங்கி தேடினோம், ஆளுக்குத் தேடவில்லை.

"விடும், நான் பிடிக்கிறன்" என்று நீங்கள் கீழே போய் இருந்து, அவர் சப்பாத்து இரண்டையும் உங்கள் தோளில் முட்டுக்கொடுத்தீர்கள். பெண்ட் நின்றார். எல்லாம் நின்றது.

வெடித்தது.

அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். முகம் புல்லுக்குள், கை இரண்டும் தலைக்கு மேல். எப்படி விழுந்தேன் என்று தெரியாது. ஊரில் பழகியது உடம்புக்கு ஞாபகம் இருந்தது. "மாதாவே, மாதாவே" என்று என் குரல் எனக்கே கேட்டது. கொஞ்சம் தள்ளி நீங்களும் அப்படியே கிடந்தீர்கள். நீங்கள் தோளை எடுத்துவிட்டதால் பெண்ட் உங்களையும் தாண்டி வழுக்கிப்போய் ஒரு முட்செடிக்குள் இருந்து டெனிஷில் மாதாவைக் கூப்பிடாத வகையில் கத்திக்கொண்டிருந்தார். மேலே பாறையில் துவக்கு மட்டும் தலையணையில் சொகுசாகப் படுத்திருந்தது.

பண்ணைக்காரர் இறங்கி வந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். "யார் யாரைச் சுட்டது?" என்று கேட்டார்.

நீங்கள் தலையைத் தூக்காமல் என்னிடம் இரகசியமாக, "முடிஞ்சுதோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அப்பா, முடிஞ்சுது. அது எங்கடை பெண்ட்தான்."

முள் குத்திய முகத்தோடு பெண்ட் ஏறி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். "எங்கள் ஊரில் இந்தச் சத்தம் கேட்டால் விழுந்து படுப்போம்" என்றேன் என் கிழவி டெனிஷில். அவர் துவக்கை எடுத்து, வெற்றுத் தோட்டாவைக் கழற்றி, இனி வெடிக்காதபடி பூட்டை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உங்களுக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் இருந்தார். பிறகு, "நான் சுடப்போகிறேன், பயப்படாதே என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

காகிதத்தில் துளை சரியாக நடுவில் இருந்தது. பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அரிசிப் பையைக் கையால் தட்டிப் பார்த்து, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அது அவருடைய அனுமதி.

அன்று முழுதும் பெண்ட் அந்தத் தமிழ் வசனத்தைப் பாடமாக்கினார். மறுநாள் மேலே ஒரு கலைமான் பக்கவாட்டில் வந்து நின்றபோது எல்லாம் தயாராக இருந்தது. பாறை, பை, குழி, சப்பாத்துக்கு உங்கள் தோள். பெண்ட் கன்னத்தைத் துவக்கில் வைத்தார். பிறகு தலையைத் திருப்பி, முழுக் கவனத்தோடு எங்களிடம் தமிழில் சொன்னார்:

"நான் சூடாப் போறன். பாய்ப்படாதை."

உங்கள் தோள் குலுங்கத் தொடங்கியது. அதனால் பெண்டின் கால் குலுங்கியது. பெண்டின் கால் குலுங்க அரிசியில் இருந்த துவக்கும் குலுங்கியது.

"சிரிக்காதேங்கோ, ஆள் ஆடுறார்!" என்றேன். என்னாலும் முடியவில்லை. சால்வையை வாய்க்குள் அடைத்தேன். நீங்கள் உங்கள் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, தோளை இறுக்கினீர்கள். மான் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது என்றுதான் சொல்லவேண்டும்.

வெடித்தது. நான் குனிந்தேன், விழவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஆனால் தோளை எடுக்கவில்லை. பெண்ட் ஒரு அங்குலமும் வழுக்கவில்லை. மேலே மான் இரண்டடி வைத்து, முழங்கால் மடிந்து, அப்படியே சாய்ந்தது.

அன்று மாலை தலையணையின் தையலைப் பிரித்து அரிசியைச் சோறாக்கினேன். துவக்கு எண்ணெய் மணம் கொஞ்சம் இருந்தது. கொண்டுபோன கறித்தூளைப் போட்டு மான் இறைச்சியில் கறி வைத்தேன். பண்ணைக்காரர் மூன்றுமுறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் நாட்டு வேட்டைமுறை நல்ல வேட்டைமுறை என்றார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள். யா என்று மட்டும் சொல்லவில்லை.

ஹோர்சன்ஸுக்குத் திரும்பிய பெண்ட் தன் வேட்டை நண்பர்களிடம் அதைத் தமிழர் முறை என்று பரப்பினார். அதற்குப் பிறகு எத்தனை டெனிஷ் வேட்டைக்காரர்கள் எங்கள் கதவைத் தட்டி எந்த அரிசி நல்லது என்று கேட்டார்கள்! நீங்கள் ஒவ்வொருவருக்கும் முதலில், "நான் வேட்டைக்காரன் இல்லை" என்று சொல்வீர்கள். பிறகு தாடையைத் தடவி, "சம்பா" என்பீர்கள்.

அதெல்லாம் பிறகு. நோர்வேயில் இருந்து திரும்பும் கப்பலில், மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைக் கேட்டீர்கள்: "இஞ்சை பாரும், எனக்கு விளங்கேல்லை எண்டதுக்கு டெனிஷிலை என்ன?"

"யாய் ஃபொர்ஸ்டோர் இக்க."

கப்பல் கரைக்கு வரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். திங்கட்கிழமையில் இருந்து உலகத்தில் ஒருவரும் உங்களிடம் தப்பவில்லை. போர்மனுக்குச் சொன்னீர்கள், வரிக் கந்தோருக்குச் சொன்னீர்கள், பூசை முடிந்து கை கொடுக்க வந்த சாமியாருக்குச் சொன்னீர்கள். எங்கள் மகள் பதின்மூன்று வயதில் டெனிஷில் கோபப்பட்டுக் கத்துவாள். நீங்கள் அமைதியாக, "யாய் ஃபொர்ஸ்டோர் இக்க" என்பீர்கள். அவள் மறுபடி மெல்லச் சொல்லவேண்டும். மூன்றாம் முறை சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். விளங்கவில்லை என்று சொல்லச் சொல்ல உங்களுக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது. கடைசியில் என்னைவிட நல்ல டெனிஷ் பேசினீர்கள். நான் இன்னும் கிழவி டெனிஷ்தான். இப்போது வயதுக்குப் பொருந்தி வருகிறது.

போன மார்கழியில் ஆஸ்பத்திரியில் அந்த இளம் பெண் டாக்குத்தர் வந்தா. பாவம், வேலை அதிகம். கதவடியில் நின்றபடியே சோதனை முடிவைச் சொன்னா. முதல் வசனத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் கையைப் பிடித்தேன். உங்கள் பெருவிரல் என் கையை ஒருமுறை அழுத்தியது. நீங்கள் அவவைப் பார்த்து, "யாய் ஃபொர்ஸ்டோர் இக்க" என்றீர்கள்.

அவ உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் இருந்து, மெல்லத் திரும்பச் சொன்னா. நீங்கள் மறுபடி அதையே சொன்னீர்கள். அவ கையில் இருந்த காகிதங்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு, உங்கள் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் போனா.

"உங்களுக்கு முதலே விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றீர்கள். "நீர் அழத் துடங்கீட்டீர். கொஞ்சம் நேரம் எடுத்துத் தந்தனான்."

நீங்கள் போனபிறகு வீட்டில் நான் தனிய. தாதிப் பெண் வருகிறாள், நகரசபைக் கந்தோர் ஆட்கள் வருகிறார்கள், மகள் வருகிறாள். எல்லோருக்கும் அவசரம். மேலங்கியைக் கழற்றாமல் கதவடியில் நின்று எதையாவது சொல்லிவிட்டு ஓடப் பார்க்கிறார்கள். எனக்கு எல்லாம் விளங்குகிறது. ஆனாலும் நான், "யாய் ஃபொர்ஸ்டோர் இக்க" என்கிறேன். உள்ளே வந்து இருக்கிறார்கள். பாதிப்பேர் கோப்பியும் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.